காய்ச்சிய நீரைக் குடித்தும் சீதபேதி வருவது ஏன்? தடுப்பூசி எந்த நிலையில் இருக்கிறது?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்லிவிடுகிறேன். நான்கு வயது மகனுக்குச் சளியும் இரத்தமுமாக வயிற்றுப்போக்கு கண்டது. மலப் பரிசோதனையில் ஷிகெல்லா என்று எழுதிக் கொடுத்தார்கள். அவன் தேறிய ஒரு வாரத்துக்குள் உங்கள் மாமியாருக்கும் அதே நோய் வந்துவிட்டது. வீட்டில் யாரும் காய்ச்சி ஆறவைத்த நீரைத் தவிர வேறு நீரைக் குடிப்பதில்லை. அப்படியிருக்க நோய் எந்த வழியாக நுழைந்தது, டைபாய்டுக்கும் காலராவுக்கும் தடுப்பு மருந்து இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் இல்லை, வீட்டிலுள்ள ஐந்து மாதக் கைக்குழந்தையை எப்படிக் காப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே ஆதங்கம்தான்: சொன்னதையெல்லாம் செய்தும் வந்துவிட்டதே, இனி சுத்தத்தை நம்புவதா, தடுப்பூசிக்காகக் காத்திருப்பதா?

மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்திலும், பின்னர் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றிய களப்பணியிலும் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நோயாளிக்கு மருந்து எழுதித் தருபவன் அல்லன். ஆகவே எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதற்குள் போகமாட்டேன்.

சீதபேதி என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே நோய் அன்று. ஷிகெல்லா என்ற பாக்டீரியாவால் வருவது ஒரு வகை. எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா என்ற அமீபாவால் வருவது இன்னொரு வகை. முன்னது திடீரென்று காய்ச்சலோடும் கடுமையான வயிற்றுக் கடுப்போடும் தொடங்கும். நாளொன்றுக்குப் பத்து இருபது முறை கழிப்பறைக்குப் போனாலும் ஒவ்வொரு முறையும் வெளியேறுவது சிறிதளவு சளியும் இரத்தமும்தான். பின்னது மெல்லத் தொடங்கி நாட்கணக்கில் இழுக்கும். சிலருக்கு ஈரலில் சீழ்க்கட்டியும் உண்டாகும். குழந்தைகளுக்கு இரத்தத்தோடு பேதியானால் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஷிகெல்லாதான், அமீபா அல்ல. ஆனால் நம் ஊர் ஆய்வக அறிக்கைகளைப் புரட்டினால் அமீபாவின் பெயரே அதிகம் தென்படும். அதற்குக் காரணம் உண்டு. எண்டமீபா டிஸ்பார் என்ற தீங்கற்ற அமீபா ஒன்று மனிதக் குடலில் வாழ்கிறது. அதன் சிஸ்ட்டையும் (ஓட்டுக்குள் அடங்கிய உறங்குநிலை) நோய் தரும் அமீபாவின் சிஸ்ட்டையும் சாதாரண நுண்ணோக்கியில் பிரித்தறியவே முடியாது. இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பதே 1993இல்தான் முறையாக வரையறுக்கப்பட்டது. சிவப்பணுக்களை விழுங்கிய நிலையில் அமீபா கண்ணில் பட்டால்தான் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ஷிகெல்லாவின் கதை நேரெதிர். மலம் வெளியேறிச் சில மணி நேரத்திலேயே அதன் அமிலத்தன்மையில் இந்தக் கிருமி மடியத் தொடங்கிவிடும். மாலையில் பிடித்து, இரவெல்லாம் வீட்டில் வைத்திருந்து, மறுநாள் காலையில் டப்பாவில் கொண்டுவரும் மலத்தை வளர்ப்புத் தட்டில் தீற்றினால் பெரும்பாலும் ஒன்றும் முளைக்காது. அறிக்கையில் "நோய்க்கிருமி வளரவில்லை" என்று போய்விடும். இரண்டு மணி நேரத்துக்குள் தட்டுக்கு வந்தால்தான், மறுநாள் எக்ஸ்.எல்.டி. என்ற செந்நிற வளர்ப்பு ஊடகத்தின் மேல், நடுவில் கருமை இல்லாத சிறு சிறு சிவப்புப் புள்ளிகளாக அதைக் காண முடியும். உங்கள் மகனுக்கு ஷிகெல்லா என்று உறுதியானது மாதிரியை உடனே கொடுத்ததால்தான் என்று நினைக்கிறேன்.

இந்தக் குழப்பம் வெறும் ஆய்வகச் சங்கதி அன்று. 1969இல் குவாத்தமாலாவில் இரத்தபேதி பரவியபோது அதை அமீபா நோய் என்றே முதலில் நம்பி அதற்குரிய மருந்தையே கொடுத்துவந்தார்கள். உண்மையில் அது ஷிகெல்லா டிசென்டரியே முதல் வகை, அதாவது இந்தக் குடும்பத்திலேயே மிகக் கொடியது. கிருமி சரியாக அடையாளம் காணப்படுவதற்குள் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்த நாட்டில் மட்டும் உயிரிழப்பு பத்தாயிரத்தைத் தாண்டியதாகப் பதிவு இருக்கிறது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். காலரா ஒருவருக்கு வர இலட்சக்கணக்கில், சில வேளை கோடிக்கணக்கில் கிருமிகள் உள்ளே போக வேண்டும். ஷிகெல்லாவுக்குப் பத்திலிருந்து நூறு போதும். இது ஊகம் அன்று. அமெரிக்காவில் தாமாக முன்வந்த ஆரோக்கியமான பெரியவர்களுக்கு எண்ணிக் கொடுத்துப் பார்த்து உறுதிசெய்த அளவு. இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். நூறு கிருமி நோய் தரும் என்றால் அதற்குக் குடம் நிறையக் கெட்ட நீர் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத மலத்துணுக்கு நகக்கண்ணில் இருந்தாலே போதும். குடிநீரைக் காய்ச்சுவது நீர் வழியை அடைக்கும். கை வழியை அடைக்காது. ஷிகெல்லாவுக்கு மனிதரைத் தவிர வேறு முக்கியமான இருப்பிடம் கிடையாது. மாடோ கோழியோ அதைச் சுமப்பதில்லை. ஒருவர் குடலிலிருந்து இன்னொருவர் வாய்க்கு அது வந்து சேர வேண்டும், அவ்வளவே. அந்தத் தூரம் ஒரே வீட்டுக்குள் மிகக் குறைவு. நோயாளி தேறி ஓடியாடத் தொடங்கிய பின்னும், மருந்து எடுக்காதவர்களுக்கு, ஒரு வாரம் முதல் நான்கு வாரம் வரை மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான்கு வயதுப் பையன் கழிப்பறைக்குப் போய்வருவதைக் கூர்ந்து கவனித்திருக்கிறீர்களா? தாயோ பாட்டியோ வலக்கையால் வாளியிலிருந்து குவளையில் நீர் மொண்டு ஊற்றி இடக்கையால் கழுவிவிடுகிறார். கழுவிய கையாலேயே குழாயைத் திறக்கிறார். அல்லது அதே குவளையின் கைப்பிடியைப் பிடித்து மீண்டும் மொள்கிறார். பையன் இதற்குள் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு, ஜட்டியை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடுகிறான். அவன் கையை யாரும் கழுவவில்லை, ஏனென்றால் மலம் கழுவியது அவன் கை இல்லையாதலால் அது சுத்தம் என்பது வீட்டார் கணக்கு. சோப்பு ஈரத்தில் கரைந்துவிடும் என்று குளியலறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். கழுவிவிட்டவர் வெறும் நீரில் கையை நனைத்துக்கொண்டு, அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடுமே என்று சமையலறைக்கு விரைகிறார். பார்த்த வீடுகள் பலவற்றில் வரிசை ஏறத்தாழ இதுதான். உங்கள் மாமியாருக்கு நோய் வந்த வழி குடிநீர்ப் பானையாக இருக்கும் என்று நான் எண்ணவில்லை. அந்தக் குவளைக் கைப்பிடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் இருவரிடமும் வளர்த்த கிருமி ஒன்றேதானா என்று மரபணு அளவில் ஒப்பிட வேண்டும். வீட்டு அளவில் யாரும் அதைச் செய்வதில்லை.

ஆகவே எந்த நேரத்தில் கை கழுவுகிறோம் என்பதே முதன்மையானது. டாக்காவில் 1980களின் தொடக்கத்தில் செய்த ஓர் ஆய்வு இன்றும் என் மனத்தில் இருக்கிறது. ஷிகெல்லா உறுதியான நோயாளிகளின் வீடுகளைத் தேர்ந்து, சில வீடுகளுக்குச் சோப்பும் நீர் வைக்கும் பாத்திரமும் கொடுத்து, மலங்கழித்த பின்னும் உண்பதற்கு முன்னும் கை கழுவச் சொன்னார்கள். மற்ற வீடுகளை அப்படியே விட்டார்கள். கழுவாத வீடுகளில் மற்றவர்களுக்குத் தொற்றியது சுமார் 32 விழுக்காடு. கழுவிய வீடுகளில் சுமார் 10. உங்கள் நிலைமைக்கு மிக நெருங்கிய சான்று இதுதான், ஏனெனில் அங்கும் நோய் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடந்து 2005இல் வெளியான மற்றோர் ஆய்வில், சோப்பு கொடுத்து வாரந்தோறும் வீட்டுக்குப் போய் வலியுறுத்திய இடங்களில், பதினைந்து வயதுக்குட்பட்டோரின் வயிற்றுப்போக்கு பாதிக்குப் பாதி குறைந்தது. அதே ஆய்வில் கிருமிநாசினி கலந்த சோப்பையும் சாதாரணச் சோப்பையும் ஒப்பிட்டார்கள். எந்த வேறுபாடும் தெரியவில்லை. விளம்பரத்தைப் பார்த்து விலை கூடிய சோப்பு வாங்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. தேய்த்துக் கழுவுவதுதான் கிருமியை அகற்றுகிறது. சாம்பலால் கழுவினாலும் போதுமா என்று சிலர் கேட்பார்கள். தேய்ப்பதால் ஓரளவு பயன் இருக்கக்கூடும். ஆனால் சோப்புக்கு ஈடு என்று சொல்லத்தக்க வலுவான சான்று கிடையாது. ஆல்கஹால் கலந்த கைத்திரவம் பாக்டீரியாவைக் கொல்லும், ஆனால் அழுக்குப் படிந்த கையில் சரிவர வேலை செய்யாது. அமீபாவின் சிஸ்ட்டை அது ஒன்றும் செய்வதில்லை.

கை கழுவ நீர் வேண்டும், அதுவும் தாராளமாக வேண்டும் என்பது பேச்சில் அடிக்கடி விட்டுப்போகிறது. 1950களில் கலிஃபோர்னியாவின் பண்ணைத் தொழிலாளர் குடியிருப்புகளில் குழந்தைகளின் மலத்தைச் சோதித்தபோது, குழாய் வீட்டுக்குள் இருந்த குடும்பங்களில் ஷிகெல்லா குறைவாகவும், வெளியே பொதுக்குழாயை நம்பியிருந்த குடும்பங்களில் கூடுதலாகவும் இருந்தது. எல்லோரும் குடித்தது ஏறக்குறைய ஒரே நீர். வேறுபட்டது கைக்கு எட்டிய நீரின் அளவு. நான்கு குடம் நீரில் ஒரு நாளை ஓட்ட வேண்டிய வீட்டில், பிள்ளைக்குக் கால் கழுவும்போதெல்லாம் சோப்புப் போட்டுக் கையையும் கழுவு என்று அறிவுரை சொல்வது எளிது. அமீபாவுக்கு மட்டும் கணக்குச் சற்று மாறும்: அதன் சிஸ்ட் வழக்கமான அளவு குளோரினுக்கு எளிதில் சாவதில்லை, ஆனால் கொதிநீரில் செத்துவிடும். எனவே நீரைக் காய்ச்சும் உங்கள் பழக்கம் வீண் அன்று, அதை விட்டுவிடாதீர்கள்.

ஈக்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அவற்றை இப்போது யாரும் பொருட்படுத்துவதில்லை. நூறு கிருமி போதும் என்ற நோய்க்கு ஈயின் கால் பொருத்தமான வாகனம். அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் 1940களின் பிற்பகுதியில் டி.டி.டி. என்ற பூச்சிமருந்தைத் தெளித்து ஈயைக் குறைத்த ஊர்களில் ஷிகெல்லா தொற்றும் குறைந்தது. ஈக்கள் மருந்துக்குப் பழகிப் பெருகியதும் அந்தப் பலன் போய்விட்டது. இஸ்ரேல் இராணுவ முகாம்களில் ஈப்பொறிகளைக் கொண்டு ஈயைப் பிடித்தபோது ஷிகெல்லாவுக்காக மருத்துவரிடம் வந்தோர் எண்ணிக்கை 85 விழுக்காடு குறைந்ததாக 1991இல் வெளியான ஆய்வு சொல்கிறது. முகாம் என்பது கட்டுக்குள் உள்ள இடம். மாட்டுத் தொழுவமும் குப்பைமேடும் உள்ள ஊரில் அதே அளவு பலனை எதிர்பார்க்க முடியாது. என்றாலும் சோற்றையும் நறுக்கிய பழத்தையும் மூடி வைப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

இதுவரை சொன்னது சுத்தத்துக்குச் சார்பான சான்றுகள். எதிரான சான்றுகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒடிசாவில் நூறு கிராமங்களில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், கழிப்பறை உள்ள வீடுகள் 9 விழுக்காட்டிலிருந்து 63 விழுக்காடாக உயர்ந்தன. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை. அதற்குப் பின் வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் குடிநீர், கழிப்பறை, கை கழுவுதல் ஆகியவற்றை வீட்டளவில் கொடுத்துப் பெரிய ஆய்வுகள் நடந்தன. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் குறையவே இல்லை. மூன்று நாடுகளிலும் சுத்தத்தால் மட்டும் குழந்தைகளின் வளர்ச்சி மேம்படவில்லை. மேலும், வயிற்றுப்போக்கு இருந்ததா என்று தாயிடம் கேட்டுப் பதியும் ஆய்வுகளில், சோப்பு வாங்கிக்கொண்டவர் சற்று நல்லதாகவே சொல்லும் மனச்சாய்வு இருக்கும். ஆகையால் கராச்சியின் "பாதிக்குப் பாதி" என்ற எண்ணை அப்படியே நம்பக் கூடாது. டாக்காவின் ஷிகெல்லா ஆய்வு மலத்தைச் சோதித்துப் பார்த்தது என்பதால் அதற்கு நான் கூடுதல் மதிப்புத் தருகிறேன். இந்த முரணை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: ஏற்கெனவே நோயாளி உள்ள வீட்டில், சில வாரங்களுக்குக் கருத்தோடு கை கழுவுவது கட்டாயம் பயன் தரும். ஆனால் ஊர் முழுக்க மலம் மண்ணிலும் நீரிலும் கலந்திருக்கும் சூழலில், ஒரு வீட்டுக்கு ஒரு கழிப்பறையும் ஒரு சோப்பும் கொடுத்து ஊரையே மாற்றிவிட முடியாது. பாதாளச் சாக்கடையும் நாள் முழுதும் வரும் குழாய்நீரும் வேறு. அரைகுறைக் கழிப்பறை வேறு. ஜப்பான் போன்ற நாடுகளில் இந்த நோய் ஓய்ந்தது முன்னதால்தான். தடுப்பூசி இல்லாமலே ஓய்ந்தது.

அப்படியானால் தடுப்பூசி எதற்கு? அந்த அளவு குழாயும் சாக்கடையும் வர பல பத்தாண்டுகள் ஆகும் ஊர்கள் ஏராளம் என்பது ஒரு காரணம். மக்கள் திடீரென்று ஓரிடத்தில் குவியும்போது சுத்தத்துக்கே வழியில்லாமல் போவது இன்னொரு காரணம். 1994இல் ருவாண்டாவிலிருந்து தப்பி, அண்டை நாடான காங்கோவின் (அன்று சயீர்) கோமா நகரில் குவிந்த அகதிகளுக்குக் கழிப்பறைக் குழி தோண்டக்கூட முடியவில்லை, அடியெல்லாம் எரிமலைப் பாறை. முதலில் காலரா, அதன் பின்னாலேயே ஷிகெல்லா. முதல் மாதத்தில் மட்டும் சுமார் ஐம்பதாயிரம் பேர் இறந்தனர். மூன்றாவது காரணம் மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றுவருவது. இந்தக் கிருமிக்கு இதில் ஒரு விசேஷமான இடம் உண்டு: மருந்தை எதிர்க்கும் ஆற்றல் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் என்பதையே உலகம் 1950களின் இறுதியில் ஜப்பானின் சீதபேதிக் கிருமிகளிடமிருந்துதான் கற்றது. 1984இல் மேற்கு வங்கத்தில் பெரும் தொற்று வந்தபோது நாலிடிக்ஸிக் அமிலம் என்ற மருந்து கைகொடுத்தது. 2002இல் அதே மாநிலத்தின் வடக்கே, தேயிலைத் தோட்டப் பகுதியில் பரவிய கிருமி சிப்ரோஃபிளாக்சசினுக்கும் கட்டுப்படவில்லை. இன்று உலக சுகாதார நிறுவனம் புது மருந்து தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் ஷிகெல்லாவை வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டுக்கான ஒரு மதிப்பீட்டின்படி அந்த ஓராண்டில் ஷிகெல்லாவால் இறந்தோர் இரண்டு இலட்சத்துக்கும் மேல். அவர்களில் சுமார் 63,000 பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

தடுப்பூசிக்கான முயற்சி கிருமியைக் கண்டுபிடித்தவரிடமிருந்தே தொடங்குகிறது. 1897இல் ஜப்பானில் ஆறே மாதத்தில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இரத்தபேதி வந்தது. ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தனர். டோக்கியோவில் நுண்ணுயிரியல் அறிஞர் கிட்டசாட்டோவின் ஆய்வு நிறுவனத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்த இளைஞர் கியோஷி ஷிகா நோயாளிகளின் மலத்திலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். தேறியவரின் இரத்தநீரைக் கலந்தால் அந்தக் கிருமி கட்டியாகத் திரண்டது; இதுதான் காரணி என்பதற்கு அதுவே அவர் காட்டிய ஆதாரம். அடுத்து, கொன்ற கிருமிகளைக் கொண்டு தடுப்பூசி செய்து முதலில் தமக்கே போட்டுக்கொண்டார். ஊசி போட்ட இடம் கடுமையாக வீங்கிப் பாதிக்கப்பட்டது. பிறகு குதிரையின் இரத்தநீரைச் சேர்த்து நச்சுத்தன்மையைக் குறைத்து சுமார் பத்தாயிரம் பேருக்குப் போட்டுப் பார்த்தார். நோயின் கடுமை சற்றுக் குறைந்ததாகத் தோன்றியதே தவிர நோய் வருவது குறையவில்லை. கொன்ற கிருமியை ஊசியாகப் போடும் முயற்சிகள் பின்னரும் பல நாடுகளில் நடந்து இதே முடிவில்தான் நின்றன. 1960களில் யுகோஸ்லாவியாவில் டேவிட் மெல் என்ற ஆய்வாளர் வேறு வழியில் போனார். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து இருந்தால் மட்டுமே வளரக்கூடிய வலுவிழந்த ஷிகெல்லாவை உயிரோடு வாய்வழியாகக் கொடுத்தார். வீரர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது பாதுகாப்புத் தந்தது. ஆனால் பலமுறை, பெருமளவில் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்த வகைக்கு மட்டுமே பாதுகாப்பு. கிருமி பழைய குணத்துக்குத் திரும்பிவிடும் அச்சமும் இருந்தது. அந்த முறை நிலைக்கவில்லை.

"கொடுத்த வகைக்கு மட்டுமே" என்பதில்தான் இடர்ப்பாட்டின் வேர் இருக்கிறது. ஷிகெல்லாவில் டிசென்டரியே, ஃபிளெக்ஸ்னரி, பாய்டி, சொன்னி என நான்கு இனங்கள். அவற்றுக்குள் மொத்தம் ஐம்பதுக்கு அருகில் உட்பிரிவுகள். அவற்றைப் பிரிப்பது கிருமியின் புறத்தோலில் சங்கிலியாகத் தொங்கும் சர்க்கரை மூலக்கூறுகள். நம் உடல் தற்காப்புக்காக எதை எதிர்க்கக் கற்கிறதோ அது பெரும்பாலும் அந்தச் சர்க்கரைச் சங்கிலியைத்தான். ஒரு பிரிவால் நோயுற்றுத் தேறியவருக்கு அதே பிரிவு மறுபடி வருவது வெகுவாகக் குறையும். வேறு பிரிவு வரத் தடையில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்தவனை வாயிற்காவலருக்கு அடையாளம் தெரியாமல் போவது போலத்தான். நல்லவேளையாக, ஐம்பதும் ஒரே அளவில் பரவுவதில்லை. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏழு இடங்களில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் (கொல்கத்தாவும் அதில் ஓரிடம்) கிடைத்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு ஃபிளெக்ஸ்னரி, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சொன்னி. சொன்னியோடு ஃபிளெக்ஸ்னரி 2ஏ, 3ஏ, 6 ஆகிய மூன்றையும் சேர்த்து நான்கு பிரிவுக்கு ஒரு தடுப்பூசி செய்தால் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. இன்று பெரும்பாலான முயற்சிகள் இந்தக் கணக்கை ஒட்டியே நடக்கின்றன.

அடுத்த தடை வயது. வெறும் சர்க்கரையைக் கொடுத்தால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் அதைச் சட்டை செய்யாது. ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் கற்றுக்கொள்ளும். மூளைக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் காரணமான ஹிப், நிமோகாக்கஸ் கிருமிகளுக்கான தடுப்பூசிகளும் இந்த வழியில் வந்தவையே. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜான் ராபின்ஸும் ரேச்சல் ஷ்னீர்சனும் இதையே ஷிகெல்லாவுக்குச் செய்தார்கள். சொன்னிக்கான அந்த ஊசி இஸ்ரேல் வீரர்களிடம் 74 விழுக்காடு பாதுகாப்புத் தந்தது என்று 1997இல் அறிவிக்கப்பட்டது. இந்த நோய்க்கு ஊசியாகப் போடும் தடுப்பு மருந்தில் நம்பிக்கை தந்த முதல் தெளிவான முடிவு அதுதான். பிறகு அதையே ஒன்றிலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் போட்டார்கள். மூன்று வயது கடந்தவர்களுக்கு 71 விழுக்காடு. அதற்குக் கீழே பாதுகாப்புத் தெரியவில்லை. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடம்தான் அது தோற்றது.

மூன்றாவது தடை, முன்கூட்டிச் சோதிக்கச் சரியான விலங்கு இல்லாதது. எலிக்கு இந்தக் கிருமியை வாய்வழியாகக் கொடுத்தால் சீதபேதி வருவதில்லை. குரங்குக்கு வர மிகப் பெரிய அளவு வேண்டும். கினிப் பன்றியின் கண்ணில் கிருமியை விட்டு வீக்கம் வருகிறதா என்று பார்க்கும் சோதனையைத்தான் பல காலம் நம்பியிருந்தார்கள். அதனால் இன்றும் இறுதிச் சோதனை மனிதரிடம்தான்: ஊசி போட்டுக்கொண்ட தன்னார்வலர்கள் மருத்துவமனைக் கண்காணிப்பில் கிருமியை விழுங்குகிறார்கள், நோய் வந்தால் உடனே மருந்து. இந்தச் சோதனையில் அண்மையில் சில தடுப்பூசிகள் தடுமாறின. கிருமியின் வெளிச்சவ்வுக் குமிழ்களைக் கொண்டு செய்த சொன்னி ஊசி ஒன்று, கிருமியை எதிர்க்கும் எதிர்ப்புரதங்களை (ஆன்டிபாடி) உண்டாக்கியும் நோயைத் தடுக்கவில்லை. ஃபிளெக்ஸ்னரி 2ஏ-க்கான மற்றொன்று பொதுவாகப் போதிய பலன் தரவில்லை. கடுமையான நோயை மட்டும் பாதியளவு குறைத்ததாகத் தெரிந்தது. இரண்டையும் தோல்வி என்று ஒதுக்கிவிடுவது அவசரம் என்பேன். ஒரு தடுப்பூசி எல்லா வயிற்றுப்போக்கையும் நிறுத்தாவிட்டாலும், மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் அளவு கடுமையை நிறுத்தினாலே குழந்தைகள் பிழைப்பார்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து நம் நாட்டில் செய்வது பெருமளவு அதைத்தான். இப்போது நான்கு பிரிவுகளை அடக்கிய ஊசிகள் சில, ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் உட்படச் சோதனையில் இருக்கின்றன, அவற்றுள் ஜி.எஸ்.கே. என்ற மருந்து நிறுவனம் உருவாக்கிய ஒன்றை மேற்கொண்டு வளர்க்கும் உரிமையை 2025இல் ஐதராபாத்தின் பாரத் பயோடெக் பெற்றிருக்கிறது. உங்கள் கைக்குழந்தைக்கு உரிய காலத்தில் அவற்றில் ஒன்று வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. அமீபாவின் நிலை இன்னும் பின்தங்கியது. டாக்காவின் மிர்பூர் குடிசைப் பகுதிக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், அமீபா குடற்சுவரில் ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் புரதத்துக்கு எதிரான எதிர்ப்புரதங்கள் மலத்தில் உள்ள குழந்தைகளுக்குத் தொற்று குறைவு என்று தெரிந்தது. அங்கிருந்து ஒரு தடுப்பு மருந்து பிறக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் விலங்குச் சோதனை அளவிலேயே இருக்கிறது.

கடைசியாக, உங்கள் வீட்டில் அடுத்த நான்கு வாரத்துக்கு. சோப்பை அலமாரியிலிருந்து இறக்கிக் கழிப்பறை வாசலிலும் அடுப்படிக் குழாயருகிலும் ஒவ்வொன்று வையுங்கள். பையனுக்குக் கழுவிவிட்டவர் தம் கையையும் அவன் கையையும் சேர்த்துக் கழுவட்டும். குவளைக் கைப்பிடி, குழாய்த் திருகு, தாழ்ப்பாள் மூன்றையும் நாள்தோறும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடையுங்கள். மாமியாருக்குப் போக்கு நின்று இரண்டு நாள் கழியும்வரையாவது அவர் சமைக்கவோ குழந்தைக்கு ஊட்டவோ வேண்டாம். அதை அவரிடம் பக்குவமாகச் சொல்வது மருத்துவத்தைவிடக் கடினம் என்று அறிவேன். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் கடுமையான ஷிகெல்லா குறைவு என்பது வங்கதேச ஆய்வுகளில் நன்கு தெரிந்த செய்தி. புட்டிப்பால், சர்க்கரைத் தண்ணீர், விரலில் தொட்டு வைக்கும் தேன் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் முடிந்து கூழ் ஊட்டத் தொடங்கும்போது ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகச் செய்யுங்கள். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியைத் தவறவிடாதீர்கள். தட்டம்மைக்குப் பின் வரும் சீதபேதி குழந்தைகளைக் கொல்லக்கூடியது, அந்த வழியை அடைக்கும் தடுப்பூசி இன்றே நம்மிடம் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது மறுபடி மலத்தில் இரத்தம் தென்பட்டால் உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கொடுக்கத் தொடங்கிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், இந்த நோயில் குடலின் அசைவை அடக்குவது கிருமியை உள்ளேயே தங்கவைக்கும்.